தெருவில் விழிக்கும் கண் ஸ்டேஷனில் தூங்குவதேன்?

(பகுதிக் கமிட்டியின் சார்பில் நடைபெற்ற ஊழியர் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



இன்று நாம் பேசப் போவது விலைவாசியைப் பற்றியல்ல. குடிமனைப் பட்டாவைப் பற்றியும் அல்ல. ஆனால் விலைவாசிக்காகவும் பட்டாவுக்காகவும் நாளைக்கு நாம் தெருவில் இறங்கினால் நம்மை யார் பார்ப்பார்கள், பார்த்ததை எங்கே சேர்த்து வைப்பார்கள், அதை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்பதைப் பற்றிப் பேசப் போகிறோம். தெருமுனைக் கம்பத்திலும், கோயில் வாசலிலும், ரேஷன் கடை எதிரிலும், டீக்கடைக் கூரை மேலும் கண்காணிப்புக் கேமராக்கள் முளைத்திருக்கின்றனவே, அவைதான் இன்றைய விஷயம்.

இவை வந்தது எப்போது? யாருக்கும் தேதி நினைவில்லை. ஒரு நாள் இரண்டு பேர் ஏணியோடு வந்தார்கள். கம்பத்தில் ஏறினார்கள், இறங்கினார்கள், போய்விட்டார்கள். மறுநாள் முதல் நாம் வேலைக்குப் போவதும் வருவதும், நம் வீட்டுப் பெண்கள் குழாயடிக்குப் போவதும், நம் கொடிக்கம்பத்தடியில் நாலு பேர் கூடுவதும் எங்கோ ஓர் அறையில் பதிவாகிக்கொண்டிருக்கின்றன. ரேஷனில் அரை கிலோ அரிசி குறைந்தால் ஏன் என்று கேட்கிற நாம், இதை ஏன் என்று கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்றே பலருக்குத் தோன்றவில்லை.

கிளைக் கூட்டங்களில் தோழர்கள் ஒரு கேள்வியைத் திரும்பத் திரும்ப எழுப்புகிறார்கள். "இன்ஸ்பெக்டர் தெருக்காரர்களைக் கூட்டி வைத்து, வீட்டுக்கு இவ்வளவு என்று பணம் போடுங்கள், கேமரா மாட்டலாம் என்கிறார். நாம் வேண்டாம் என்று சொன்னால் திருடனுக்குப் பரிந்து பேசுவதாக நினைப்பார்கள். சரி என்று சொல்லவும் மனம் ஒப்பவில்லை. கட்சி என்ன சொல்கிறது?" இது நல்ல கேள்வி. இதற்கு நேரான பதில் வேண்டும்.

பயத்தில் நியாயம் உண்டு

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுவோம். கேமரா வேண்டும் என்று கேட்கிற ஜனங்கள் நம் எதிரிகள் அல்ல. இரவு ஷிப்டு முடிந்து ஆளில்லாத தெருவில் நடந்து வரும் பெண் தொழிலாளிக்குப் பயம் இருக்கிறது. தாலிச் சங்கிலியைப் பறிகொடுத்த அம்மாவுக்கு ஆத்திரம் இருக்கிறது. 2016 ஜூன் 24ந் தேதி காலை நுங்கம்பாக்கம் ரயில் நிலையத்தில், பிரயாணிகள் பார்த்துக்கொண்டிருக்க, ஓர் இளம்பெண் வெட்டிக் கொல்லப்பட்டார். அந்த நிலையத்தில் ஒரு கேமரா கூட இல்லை என்று தெரிந்தபோது நகரமே கொதித்தது. அந்தக் கொதிப்பு நியாயமானது. இடித்துவிட்டு நிற்காமல் போன லாரியையும், வண்டி திருடியவனையும் கேமராப் பதிவு காட்டிக்கொடுத்ததுண்டு. அதையும் நாம் மறுக்கவில்லை.

ஆனால் கேமரா என்ன செய்யும், என்ன செய்யாது என்பதையும் ஜனங்களுக்குச் சொல்ல வேண்டாமா? பல நாடுகளில் 40 ஆண்டுகளாக நடந்த ஆராய்ச்சிகளைத் திரட்டி, 2019ல் குற்றவியல் நிபுணர்கள் ஓர் அறிக்கை வெளியிட்டார்கள். கேமரா இருந்த பகுதிகளில், இல்லாத பகுதிகளைவிடக் குற்றம் சுமார் 13 சதவிகிதம் குறைந்ததாக அவர்கள் கண்டார்கள். வாகனங்கள் நிறுத்துமிடங்களில்தான் பலன் அதிகம். அடிதடி, தாக்குதல் போன்ற வன்முறைக் குற்றங்களிலோ குறிப்பிடத்தக்க பலன் எதுவும் தென்படவில்லை. அதாவது நிறுத்தி வைத்த மோட்டார் சைக்கிளைக் கேமரா ஓரளவு காப்பாற்றும். நடந்து வருகிற நம் தங்கையைக் காப்பாற்ற எரிகிற தெருவிளக்கு வேண்டும். ராத்திரி பஸ் வேண்டும். புகார் கொடுக்கப் போனால் உட்காரச் சொல்லி எழுதிக்கொள்கிற போலீஸ் நிலையம் வேண்டும். இவற்றுக்குப் பணமில்லை என்று கைவிரிக்கிற சர்க்கார், கேமராவுக்கு மட்டும் நம்மிடமே வசூல் செய்யச் சொல்கிறது!

வசூல் நம்முடையது, பதிவு அவர்களுடையது

சென்னையில் இந்த ஏற்பாட்டுக்கு "மூன்றாவது கண்" என்று பெயர் சூட்டினார்கள். 50 மீட்டருக்கு ஒரு கேமரா என்பது லட்சியம். வியாபாரிகளும், குடியிருப்போர் சங்கங்களும், கொடையாளிகளும் பணம் போட வேண்டும். போலீஸ் அதிகாரி வந்து ரிப்பன் வெட்டுவார். இப்படிச் சில ஆண்டுகளுக்குள் நகரம் முழுவதும் நிரம்பிவிட்டது. 2021ல் வெளிவந்த ஒரு சர்வதேசக் கணக்குப்படி, ஒரு சதுர மைலுக்கு டில்லியில் 1,826 கேமராக்கள், லண்டனில் 1,138, சென்னையில் 609. குடிதண்ணீரில் உலகில் முன்னணிக்கு வராத நம் நகரங்கள் இதிலே வந்துவிட்டன.

பக்கத்து மாநிலத்தைப் பாருங்கள். தெலுங்கானா பிரிவதற்கு முன்பே, 2013ல், ஒன்றுபட்ட ஆந்திராவில் ஒரு சட்டம் வந்தது. நூறு பேர் கூடக்கூடிய இடமானால் கேமரா மாட்ட வேண்டும், பதிவை 30 நாள் வைத்திருக்க வேண்டும், போலீஸ் கேட்டால் கொடுக்க வேண்டும் என்று கட்டாயப்படுத்தினார்கள். மாட்டுவதற்கும் கொடுப்பதற்கும் சட்டம் இருக்கிறது. வாங்கிய போலீஸ் அதை என்ன செய்யலாம், என்ன செய்யக்கூடாது, தவறு செய்தால் யார் தண்டிப்பது? இவற்றுக்கென்று ஒரு தனிச் சட்டம் இன்றுவரை நாட்டில் எங்கும் இல்லை.

கவனியுங்கள் தோழர்களே! கேமரா நம் காசில் வந்தது. மின்சாரம் நம் தெருக்காரர் வீட்டுக் கணக்கில் ஓடுகிறது. ஆனால் பதிவை நாம் கேட்டால் கிடைக்குமா? நம் வாலிபர்களைப் போலீஸ் அடித்துவிட்டது, அந்தத் தெருக் கேமராவில் பதிவாகியிருக்கும், கொடுங்கள் என்று கேட்டுப் பாருங்கள். "அந்த நேரத்தில் கேமரா ரிப்பேர்" என்ற பதில் எத்தனை ஊர்களில் வந்திருக்கிறது!

முகத்தை அடையாளம் காணும் இயந்திரம்

பழைய கேமரா பார்த்ததோடு சரி. யார் என்று சொல்ல ஒரு மனிதன் உட்கார்ந்து படத்தைப் பார்க்க வேண்டும். இப்போது வந்திருப்பது வேறு ஜாதி. கூட்டத்தில் தெரியும் ஒரு முகத்தைப் பிடித்து, சேர்த்து வைத்த லட்சக்கணக்கான படங்களோடு ஒப்பிட்டு, "இவர் இன்னார்" என்று இயந்திரமே சொல்கிறது. தமிழ்நாட்டுப் போலீஸ் 2021 அக்டோபரில் மாநிலம் முழுவதற்கும் இத்தகைய ஏற்பாட்டைத் துவக்கியது. டில்லிக் கலவரத்துக்குப் பின் 2020 மார்ச்சில் உள்துறை மந்திரி அமித்ஷா பார்லிமெண்டில் பேசியபோது, வாக்காளர் அட்டை, டிரைவிங் லைசென்சு முதலிய விவரங்களைக் கொண்டு 1,100 பேருக்கு மேல் இயந்திரத்தின் மூலம் அடையாளம் கண்டதாகச் சொன்னார். ஓட்டுப் போடக் கொடுத்த படம், வண்டி ஓட்டக் கொடுத்த படம், போலீஸ் வேலைக்குப் போய்விட்டது. கொடுத்தபோது அப்படியா சொல்லி வாங்கினார்கள்?

இந்த இயந்திரம் தவறே செய்யாதா? 80 சதவிகிதம் ஒத்திருந்தால் பொருந்தியதாக எடுத்துக்கொள்கிறோம் என்று டில்லிப் போலீசே தகவல் உரிமைச் சட்டத்தின்கீழ் 2022ல் பதில் சொல்லியிருக்கிறது. மீதி 20 சதவிகித வித்தியாசத்தில் வேறு ஒருவன் மாட்டிக்கொண்டால், அவன் நிரபராதி என்று நிரூபிக்க எத்தனை மாதம் கோர்ட்டுக்கு நடக்க வேண்டும்? அன்றாடம் கூலி வேலை செய்பவன் எத்தனை நாள் கூலியை இழக்க வேண்டும்?

2021 மே மாதம், ஊரடங்கு நேரத்தில், ஹைதராபாத்தில் ஒரு சமூக ஊழியரைப் போலீசார் நடுத்தெருவில் நிறுத்தி முகக்கவசத்தைக் கழற்றச் சொன்னார்கள். அவர் மறுத்தார். மறுத்தும் விடாமல் படம் எடுத்தார்கள். எந்தச் சட்டத்தின்கீழ் எடுத்தீர்கள், அதை என்ன செய்வீர்கள் என்று அவர் கேட்டார். பதில் இல்லாமல் ஹைக்கோர்ட்டுக்குப் போனார். 2022 ஜனவரியில் அந்தக் கோர்ட் சர்க்காருக்கு நோட்டீஸ் அனுப்பியது. ஒரு தனி மனிதர் கேட்கத் துணிந்த கேள்வியை ஒரு சங்கம், ஒரு கட்சி கேட்கக் கூடாதா?

ரேகைச் சட்டத்தை மறந்துவிட்டோமா?

நம் மண்ணில் இது புதிதல்ல. வெள்ளைக்காரன் 1871ல் குற்றப்பரம்பரைச் சட்டம் கொண்டுவந்தான். 1911ல் திருத்திச் சென்னை மாகாணத்துக்கும் அதை நீட்டினான். திருடியவனைப் பிடிக்க அல்ல அந்தச் சட்டம். பிறப்பை வைத்து ஒரு ஜனசமூகம் முழுவதையும் திருடர் பட்டியலில் சேர்த்து, ஆண்களின் கைரேகையைப் பதிந்து, இரவில் போலீஸ் கண்ணெதிரே கிடக்கச் செய்வதற்கு. வெளியூர் போக வேண்டுமானால் "ராத்திரிச் சீட்டு" வாங்க வேண்டும். ஜனங்கள் அதை ரேகைச் சட்டம் என்றே அழைத்தார்கள். மதுரை ஜில்லா உசிலம்பட்டிப் பக்கம் பெருங்காமநல்லூர் ஜனங்கள் ரேகை வைக்க மாட்டோம் என்று நின்றார்கள். 1920 ஏப்ரல் 3ந் தேதி அவர்கள்மீது துப்பாக்கிப் பிரயோகம் நடந்தது. மாயக்காள் என்ற வீரப்பெண் உள்ளிட்டவர்கள் அந்த மண்ணில் ரத்தம் சிந்தினார்கள். அந்தச் சட்டத்தை எதிர்த்து முத்துராமலிங்கத் தேவரும், நம் தலைவர்கள் பி. ராமமூர்த்தியும் ஜீவாவும் ஊர் ஊராகக் கிளர்ச்சி செய்தார்கள். 1947ல் சென்னை மாகாணத்தில் அது ஒழிந்தது.

அன்று கைரேகை, இன்று முகம். அன்று ரேகை வைக்க மாட்டேன் என்று கையை மூடிக்கொள்ள முடிந்தது. இன்று முகத்தை எங்கே மறைப்பது? 1948க்குப் பின் அடக்குமுறைக் காலத்தில் நம் தோழர்கள் தலைமறைவாக வாழ்ந்தார்கள். குடிசைக்குக் குடிசை கஞ்சி ஊற்றி ஜனங்கள் அவர்களைக் காப்பாற்றினார்கள். ஒவ்வொரு தெருமுனையிலும் முகமறியும் கண் ஒன்று இருந்திருந்தால் ஒரு வாரம் தாக்குப்பிடித்திருக்க முடியுமா?

"தப்புச் செய்யாதவனுக்கு என்ன பயம்?" என்று சிலர் கேட்கிறார்கள். இதற்கு உத்தரப் பிரதேசத்து கரக் சிங் வழக்கு பதில் சொல்கிறது. கொள்ளை வழக்கில் சாட்சியமில்லை என்று விடுவிக்கப்பட்டவர் அவர். ஆனாலும் போலீஸ் ஹிஸ்டரி ஷீட் திறந்து, நடுராத்திரியில் கதவைத் தட்டிக்கொண்டிருந்தது. 1962ல் சுப்ரீம் கோர்ட்டு, ராத்திரி வீட்டுக்கு வருவது கூடாது என்று மட்டும் சொல்லி, பின்தொடர்வதை அனுமதித்தது. நீதிபதி சுப்பா ராவ் மாறுபட்டார். போலீஸ் நிழல்போல் பின்தொடர்கிற மனிதனின் நடமாட்டத்தைச் சுதந்திரமென்று சொல்ல முடியாது, அவனுக்கு நாடே சிறைச்சாலை என்பது அவர் தீர்ப்பின் சாரம். 55 ஆண்டுகள் கழித்து, 2017 ஆகஸ்ட் 24ந் தேதி, ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாக, அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று தீர்ப்பளித்தார்கள். அதில் கைவைக்க வேண்டுமானால் சட்டம் இருக்க வேண்டும், நியாயமான நோக்கம் இருக்க வேண்டும், நோக்கத்துக்கு மிஞ்சாத அளவில் இருக்க வேண்டும் என்றார்கள். நம் தெருக் கேமரா இந்த மூன்றில் முதலாவதையே தாண்டவில்லையே!

சாத்தான்குளத்தில் கண் ஏன் மூடியது?

இப்போது விஷயத்தின் மையத்துக்கு வருவோம்.

2020 ஜூன் மாதம் சாத்தான்குளம் போலீஸ் நிலையத்தில் ஜெயராஜ், பென்னிக்ஸ் என்ற தகப்பனும் மகனும் சித்திரவதை செய்யப்பட்டு உயிரிழந்தார்கள். ஹைக்கோர்ட் உத்தரவின்பேரில் விசாரிக்கப் போன மாஜிஸ்டிரேட் அந்த நிலையத்துக் கேமராப் பதிவைக் கேட்டார். நிலையத்தில் கேமரா இருந்தது. பதிவுகளைச் சேமிக்கும் கருவியில் இடமும் தாராளமாக இருந்தது. ஆனால் ஒவ்வொரு நாள் பதிவும் தானாகவே அழிந்துபோகும்படி அது அமைக்கப்பட்டிருந்தது என்று அவர் அறிக்கை கொடுத்தார்.

டீக்கடையில் நாம் டீ குடித்தது பத்திரமாக இருக்கிறது. போலீஸ் நிலையத்தில் இரண்டு உயிர் வதைபட்ட பதிவு இல்லை!

அந்த ஆண்டு டிசம்பர் 2ந் தேதி, பஞ்சாபிலிருந்து வந்த ஒரு வழக்கில், நாட்டின் ஒவ்வொரு போலீஸ் நிலையத்திலும் இரவிலும் தெரியும்படி, குரலும் பதிவாகும்படி கேமரா வைக்க வேண்டும், பதிவை 18 மாதமும், முடியாவிட்டால் குறைந்தது ஓராண்டும் வைத்திருக்க வேண்டும் என்று சுப்ரீம் கோர்ட்டு உத்தரவிட்டது. என்ன ஆயிற்று? 2025 செப்டம்பரில், ராஜஸ்தானில் ஏழெட்டு மாதத்தில் 11 பேர் போலீஸ் காவலில் இறந்த செய்தியைப் பத்திரிகையில் கண்டு, நிலையங்களில் கேமரா வேலை செய்யாததைப் பற்றி அதே கோர்ட்டு தானாகவே வழக்கு எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. ஐந்து ஆண்டுகள்! தெருக்களை நிரப்ப முடிந்தவர்களால் போலீஸ் நிலையங்களை நிரப்ப முடியவில்லையாம்!

இது இயந்திரக் கோளாறல்ல, வர்க்கக் கோளாறு. அதிகாரத்தில் இருப்பவன் ஏழையைப் பார்க்க வேண்டுமானால் கண் திறந்திருக்கும். ஏழை அதிகாரத்தைப் பார்க்க வேண்டுமானால் கண் மூடிக்கொள்ளும். நம் விவாதம் கேமரா நல்லதா கெட்டதா என்பதல்ல. அது யார் கையில் இருக்கிறது, யாரை நோக்கித் திரும்பியிருக்கிறது, யாருக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது என்பதுதான்.

பதிவு எங்கே போகிறது?

மாதர் சங்கச் சகோதரிகள் இதைக் குறிப்பாகக் கேட்க வேண்டும். 2025 பிப்ரவரியில், குஜராத் ராஜ்கோட்டில் ஒரு பிரசவ ஆஸ்பத்திரியின் கேமராப் பதிவுகள் திருடப்பட்டு, பரிசோதனைக்கு வந்த பெண்களின் படங்கள் இணையத்தில் காசுக்கு விற்கப்பட்டது வெளியாயிற்று. அந்தக் கேமராக்களின் ரகசியச் சொல் "அட்மின்123" என்ற, குழந்தையும் ஊகிக்கிற சொல் என்று பத்திரிகைகள் எழுதின. பாதுகாப்புக்கென்று மாட்டியதே மானத்துக்குப் பகையாயிற்று. தனியார் ஆஸ்பத்திரி அலட்சியம் என்று தள்ளிவிடலாமா? 2024 மே மாதத்தில் தமிழ்நாட்டுப் போலீசின் முகமறியும் தளத்துக்குள்ளேயே திருடர்கள் புகுந்துவிட்டார்கள்! பூட்டுப் போட வேண்டியவர்கள் வீட்டிலேயே திருட்டு. கடன் அட்டையின் ரகசிய எண் திருடு போனால் மாற்றிக்கொள்ளலாம். முகம் திருடு போனால் வேறு முகத்துக்கு எங்கே போவது?

இதற்கெல்லாம் 2023ல் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் கொண்டுவந்துவிட்டோம் என்கிறது மத்திய சர்க்கார். அதன் 17வது பிரிவைப் படியுங்கள். தான் விரும்பும் சர்க்கார் இலாகாவுக்கு அந்தச் சட்டத்திலிருந்தே விலக்குக் கொடுக்க மத்திய சர்க்காருக்கு அதிகாரம் உண்டு. அதே சட்டத்தின் 44வது பிரிவு தகவல் உரிமைச் சட்டத்தின் காலை ஒடித்தது. 2025 நவம்பரில் அது அமுலுக்கும் வந்துவிட்டது. நம்மைப் பற்றிய தகவல் அவர்களுக்குத் திறந்த கதவு. அவர்களைப் பற்றிய தகவல் நமக்கு மூடிய கதவு.

பர்மிங்ஹாம் ஜனங்கள் செய்தது

எதிர்த்து என்ன பயன் என்று சோர்ந்துவிட வேண்டாம். இங்கிலாந்தில் பர்மிங்ஹாம் நகரத்தில், முஸ்லிம் ஜனங்கள் நெருக்கமாக வாழும் ஸ்பார்க்புரூக், வாஷ்வுட் ஹீத் பகுதிகளில், 2010ல் திடீரென்று 218 கேமராக்கள் முளைத்தன. அவற்றில் 72 மறைத்து வைக்கப்பட்டவை. வாகனத் திருட்டைத் தடுக்க என்று சொன்னார்கள். பணம் எங்கிருந்து வந்தது என்று ஜனங்களும் பத்திரிகையாளர்களும் துருவியபோது, பயங்கரவாத ஒழிப்பு நிதியிலிருந்து 30 லட்சம் பவுன் வந்தது தெரிந்தது. ஒரு ஜனசமூகம் முழுவதையும் சந்தேகப் பட்டியலில் வைத்துவிட்டார்கள்! தெருக்காரர்கள் கூட்டம் போட்டார்கள், கவுன்சிலர்களை உலுக்கினார்கள். கேமராக்களுக்குப் பிளாஸ்டிக் பையை மாட்டி மூட வேண்டிய நிலைமை போலீசுக்கு ஏற்பட்டது. 2011ல் அத்தனையையும் கழற்றிக்கொண்டு போனார்கள். கல்லெறிந்து அல்ல, "யார் பணம்? யார் உத்தரவு? எதற்காக?" என்று விடாமல் கேட்டு வென்றார்கள்.

நாம் என்ன செய்வது?

நம் தோழர்கள் எந்தக் கேமராவையும் உடைக்கக் கூடாது. உடைத்தால் நாளைக்கே பத்து கேமராவும் ஒரு வழக்கும் வரும். பயந்திருக்கும் ஜனங்களும் நம்மைவிட்டு விலகுவார்கள். நம் ஆயுதம் கேள்வி. நம் பலம் ஜனங்கள்.

இன்ஸ்பெக்டர் கூட்டம் போட்டால் போங்கள். பின்வரும் கோரிக்கைகளை அங்கேயே, எல்லோர் முன்னிலையிலும் வையுங்கள்.

1. வீட்டுக்கு வீடு வசூல் கூடாது. பாதுகாப்பு சர்க்காரின் கடமை. முதலில் தெருவிளக்கு, ராத்திரி பஸ், ரோந்து.

2. பொது இடத்தில் கேமரா வைக்குமுன் கிராமத்தில் கிராம சபையும், நகரத்தில் பகுதி சபையும் கூடி விவாதித்துச் சம்மதம் தர வேண்டும்.

3. ஒவ்வொரு கேமராவின் கீழும் பலகை வேண்டும்: யார் பொறுப்பு, பதிவு எத்தனை நாள் இருக்கும், யாரிடம் புகார் செய்வது. குறித்த நாள் கழிந்ததும் வழக்குக்குத் தேவையில்லாத பதிவு அழிய வேண்டும்.

4. பதிவைப் போலீஸ் பார்த்தால் எழுத்தில் காரணம் இருக்க வேண்டும். பாதிக்கப்பட்ட குடிமகன் கேட்டால் அவனுக்கும் கிடைக்க வேண்டும்.

5. சட்டமில்லாத முகமறியும் இயந்திரத்தைத் தெருவிலும், ஊர்வலத்திலும், ஆலை வாசலிலும் பிரயோகிக்கக் கூடாது.

6. 2020ம் ஆண்டு உத்தரவுப்படி நம் வட்டாரப் போலீஸ் நிலையத்தில் கேமராக்கள் வேலை செய்கின்றனவா என்று மாதாமாதம் பகிரங்கமாக அறிவிக்க வேண்டும்.

ஆறாவது கோரிக்கையை மறந்துவிடாதீர்கள். "எங்கள் தெருவைப் பார்க்குமுன் உங்கள் நிலையத்தைக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். பயந்திருக்கும் ஜனங்களுக்கு வேறு எதையும்விட இது சட்டென்று புரியும்.

ஒவ்வொரு கிளையும் உடனே செய்ய வேண்டிய வேலை இரண்டு. தத்தம் பகுதியில் எத்தனை கேமரா, எந்தக் கம்பத்தில், யார் பணத்தில் என்று வாலிபர் சங்கத் தோழர்கள் வீதி வீதியாக நடந்து கணக்கெடுங்கள். மிச்சமிருக்கிற தகவல் உரிமைச் சட்டத்தைப் பயன்படுத்திப் போலீசுக்கும் நகராட்சிக்கும் மனுப் போடுங்கள். அடுத்த கிராம சபை எந்தத் தேதியில் கூடினாலும், மே தினத்தில் கூடினாலும், சுதந்திர தினத்தில் கூடினாலும், கணக்கும் மனுவும் கையில் இருக்கட்டும். தீர்மானம் கொண்டுவாருங்கள். எழுதிக்கொள்ள மறுத்தால், மறுத்ததையும் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள்.

தோழர்களே! தெரு நம்முடையது. நாம் கூலி உயர்வு கேட்டு நடந்த தெரு. நம் குழந்தைகள் விளையாடும் தெரு. அதில் யார் யாரைப் பார்ப்பது என்று தீர்மானிக்கும் உரிமையும் நம்முடையதுதான். அந்த உரிமையை நம்மைக் கேளாமலே எடுத்துக்கொண்டார்கள். கேட்டுத் திரும்பப் பெறுவோம்!